கடைசல் படாத சிலிண்டர்

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. விடிவதற்குள் டாலஸை விட்டுக் கிளம்பி 75ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். ஃபிளாஸ்க்கில் காபி, டப்பாவில் எலுமிச்சைச் சாதம். "பாத்துட்டு மட்டும் வாங்க" என்று வாசலில் நின்று மனைவி சொன்னாள். "பாக்கறதுக்குத்தான் கண்ணு போறேன்" என்றேன். முழுமனதாக நம்பித்தான் அப்படிச் சொன்னேன்.

போகிற இடம் ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரம். அங்கே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் நவம்பரிலும், பெரிய துப்பாக்கிச் சந்தை கூடுகிறது. 11 ஏக்கர் பரப்புள்ள ஒரே கூரையின் கீழ் 4,000க்கும் மேற்பட்ட மேசைகள் போடுகிறார்கள். பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கு அது ஒரு தேர்த்திருவிழா.

ஷெர்மனும் டெனிசனும் தாண்டியதும் ரெட் ரிவர் பாலம் வந்தது. கீழே செம்மண் கரைத்த நீர். அக்கரையில் ஒக்லஹோமா தொடங்குகிறது. சோக்டா மொழியில் 'ஒக்லா' என்றால் மக்கள், 'ஹும்மா' என்றால் சிவப்பு. டுரான்ட் ஊரில் சோக்டா மக்களின் தலைமையகம் இருக்கிறது. இன்னும் வடக்கே ஒக்மல்கீ, மஸ்கோகி மக்களின் தலைநகர். 1830களில் தென்கிழக்கிலிருந்த சொந்த நிலங்களைப் பிடுங்கிக்கொண்டு, படைவீரர்களின் காவலில் இந்த மக்களை இங்கே நடத்திக்கொண்டு வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். துப்பாக்கியின் மேல் ஆசை வைத்திருப்பவன் இந்தச் சாலையில் போகும்போது அதை நினைக்காமல் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றும். நான் தேடியது ஒரு நல்ல இயந்திரம். ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை.

என் அப்பா கோவை பீளமேட்டில் டர்னராக இருந்தவர். லேத்தின் முன்னால் நாற்பது ஆண்டுகள் நின்றார். எனக்குப் பதினொரு வயதில், ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஓடாமல் நின்ற இயந்திரத்தைப் பார்க்க அவர் வால்பாறைக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனோம். வேலை முடிந்த மாலையில் எஸ்டேட் முதலாளி எங்களைப் பங்களாத் திண்ணையில் உட்காரவைத்து, உரிமத்தோடு தான் வைத்திருந்த பழைய ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பெயர் வெப்ளி. இடப்பக்கத்து நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தி, குழலைக் கீழே சாய்த்தார். பாக்குவெட்டி விரிவதுபோல் துப்பாக்கி நடுவில் விரிந்தது. உள்ளிருந்து ஒரு நட்சத்திரத் தகடு மேலெழுந்து, ஆறு தோட்டாக்களையும் ஒருசேரத் தூக்கிக் காட்டியது. தோட்டாக்களை அவர் எடுத்ததும் சிலிண்டரின் முகம் தெரிந்தது. பணியாரச் சட்டி மாதிரி நடுவில் ஒன்று, சுற்றி ஆறு.

நான் வாயடைத்து நின்றேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இன்னொருக்கா மூடுங்க, சத்தம் கேக்கோணுங்க." முதலாளி மூடினார். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். "ஒரே சத்தமுங்க. ரெண்டு சத்தம் வந்தா ஃபிட்டிங் போயிருச்சுன்னு அர்த்தம்" என்றார். திரும்பிய பேருந்தில் நான் தூங்கவே இல்லை.

அமெரிக்காவுக்கு வந்த பிறகு அந்த ஆசை மறுபடி துளிர்த்தது. ஆனால் தொழில் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இங்குள்ள கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. எனக்கு கிரீன் கார்டு கிடைக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின. அதுவரை சந்தைகளுக்குப் போவேன், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நிற்பேன். "எடுத்துப் பாருங்கள்" என்று விற்பவர்கள் அன்போடு நீட்டுவார்கள். வேண்டாம் என்று தலையசைப்பேன். கையால் தொட முடியாதவனுக்குக் கண் கூர்மையாகிறது. பதினொரு ஆண்டுகளில் நான் கற்றது அத்தனையும் அப்படிக் கற்றதுதான்.

வெப்ளியைத் தேடுபவன் முதலில் தெரிந்துகொள்வது ஒரு துக்கச் செய்தியை. பர்மிங்காமின் வெப்ளி அண்ட் ஸ்காட் ஆலையில் செய்த மார்க் 6 வகையை பிரிட்டிஷ் படை 1915ஆம் ஆண்டு மே மாதம் ஏற்றுக்கொண்டது. ஆறு அங்குலக் குழல், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை, .455 அளவுத் தோட்டா. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சேறும் ஈரமும் தாங்கி உழைத்தது என்று பெயரெடுத்தது. 1932இல் படை .38 அளவு என்ஃபீல்டுக்கு மாறியது. இரண்டாம் போருக்குப் பிறகு, மிஞ்சிய வெப்ளிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. இங்கே .455 தோட்டா எளிதில் கிடைக்காது, அமெரிக்கப் படையின் .45 ஏசிபி தோட்டாவோ எல்லாக் கடையிலும் உண்டு. ஆகவே வணிகர்கள் சிலிண்டரை லேத்தில் மாட்டி, அதன் பின்முகத்தைக் கடைந்து தள்ளினார்கள். மூன்று மூன்று தோட்டாவாகப் பிடிக்கும் அரைநிலாக் கிளிப்பில் செருகினால் .45 அதில் உட்காரும். ஆனால் அந்தத் தோட்டாவின் அழுத்தம், இந்தப் பழைய சிலிண்டர் எந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதோ அதைத் தாண்டியது. நல்ல கைகள் செய்த பொருளைக் கெடுத்ததோடு, ஆபத்தாகவும் ஆக்கினார்கள்.

அப்பா பட்டறைப் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுண்டு: "எடுக்கறதுக்கு முன்னாடி யோசி. எடுத்த இரும்பை ஒட்ட வெக்க முடியாது." அமெரிக்காவில் நான் பார்த்த மார்க் 6களில் பெரும்பாலானவை கடைந்தவைதான். ஒவ்வொன்றின் பின்முகத்திலும் பிற்காலத்துக் கடைசலின் புது வெளுப்பு தெரியும். பார்த்தவுடன் வயிற்றில் ஏதோ செய்யும். கடைசல் படாத ஒன்றைத் தேடித்தான் இத்தனை வருடம் அலைந்தேன்.

மதியத்துக்கு மேல் துல்சாவைத் தாண்டி, பழைய 66ஆம் சாலையில் இருக்கும் கிளேர்மோருக்குப் போனேன். அங்கேதான் ஜே. எம். டேவிஸ் ஆயுத அருங்காட்சியகம் இருக்கிறது. கிளேர்மோரில் மேசன் ஹோட்டலை நடத்திய டேவிஸ், ஏழு வயதில் மருந்து குடித்ததற்குப் பரிசாக அப்பா கொடுத்த ஒரு வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சேர்க்கத் தொடங்கினாராம். சேர்ந்தது 12,000க்கும் மேல். ஹோட்டல் சுவரெல்லாம் துப்பாக்கி மாட்டி வைத்திருந்தவர், 1965இல் அவ்வளவையும் ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அறக்கட்டளை 99 ஆண்டுகளுக்கு ஒரு டாலர் குத்தகையில் மாநிலத்திடம் ஒப்படைத்தது.

கண்ணாடிப் பேழைகளின் நடுவே இரண்டு மணி நேரம் நடந்தேன். அந்த மனிதரின் பிடிவாதம் என்னைத் தொட்டது. ஆனால் மனதில் ஒரு குறை. பேழைக்குள் இருக்கும் துப்பாக்கி எதுவும் விரிவதில்லை, மூடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. நான் பதினொரு வயதில் பார்த்தது அசைகிற பொருளை. "பாத்துட்டு மட்டும்" என்ற வாக்கு அங்கேதான் எனக்குள் லேசாக ஆடத் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை. கண்காட்சி அரங்கின் முன்னால் எண்ணெய்க் கிணறு தோண்டுபவரின் 75 அடி உயரப் பொன்னிறச் சிலை நிற்கிறது. அதன் காலடியைக் கடந்து உள்ளே நுழைந்தேன். கரும்பச்சைத் துணி விரித்த மேசைகள் கண்ணுக்கெட்டும் தூரம்வரை. எண்ணெய் வாசனையும் பழைய தோல் வாசனையும். அப்பாவின் பட்டறைதான் நினைவுக்கு வந்தது.

நான்கு மணி நேரத்தில் ஒன்பது வெப்ளி பார்த்தேன். எட்டு கடைந்தவை. ஒன்பதாவது, பின்சுவர் ஓரத்து மேசையில், உறையில்லாமல் கிடந்தது. கான்சஸிலிருந்து வந்த ஒரு முதியவரின் மேசை. இப்போது என் கைகளைப் பின்னால் கட்டவேண்டியதில்லை. அனுமதி கேட்டு எடுத்தேன். தோட்டா இல்லை என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். நெம்பை அழுத்தினேன். விரிந்தது. நட்சத்திரம் எழுந்து, முழுக்க விரிந்ததும் சட்டென்று உள்ளே இறங்கியது. சிலிண்டரின் பின்முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நூறாண்டுப் பழுப்பு, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே நிறம். எவருடைய கடைசலும் இல்லை. சட்டத்தில் 1917 என்ற ஆண்டு. பக்கத்தில் அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறி.

முதியவர் தன் கதையைச் சொன்னார். 1968இல் சட்டம் வந்து நிறுத்தும்வரை துப்பாக்கியைத் தபாலில் வரவழைக்கலாம். இளைஞனாக இருந்தபோது அப்படி வாங்கினாராம். சிலிண்டரைக் கடைந்து தரக் கூடுதல் காசு கேட்டார்கள். அது அவரிடம் இல்லை. பிறகு காசு வந்தபோது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இப்போது விரல் மூட்டுகளில் வலி. நெம்பை அழுத்த முடியவில்லை. அழுத்தத் தெரிந்த கைக்குப் போகட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார். அன்று அவர் கையில் காசில்லாமல் போனதுதான் இந்தப் பொருளைக் காப்பாற்றியது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை மூடினேன்.

ஒரே சத்தம்.

விலை 1,200 டாலர் என்றார். சமையலறை அலமாரி மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணம். பேரம் பேசவில்லை; ஒரு நடை சுற்றிவிட்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. "எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். மேசைக்கு முன்னால் நின்றது மொத்தம் பத்து நிமிடம் இருக்கலாம். பார்ப்பவர்களுக்கு அது அவசரமாகத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் கைகட்டி நின்ற பதினொரு ஆண்டுகளும், வால்பாறைத் திண்ணையும், அப்பாவின் காதும் இருந்தன. முடிவெடுக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. எல்லாம் முன்பே முடிவாகியிருந்தது.

வேறு மாநிலத்தவரிடம் கைத்துப்பாக்கி வாங்குவதற்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. ஐம்பது ஆண்டுக்கு மேல் பழைய துப்பாக்கிகளுக்கென்று தனியாகச் சேகரிப்பாளர் உரிமம் கொடுக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு 30 டாலர். அதை எடுத்து வைத்திருந்தேன். அதன் பிரதியைக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் காரின் பின்புறம் வைத்தேன். வீட்டுக்குப் போனதும் வரவேட்டில் எழுதவேண்டும்: ஆலை, வகை, எண், தேதி, யாரிடமிருந்து.

அதன்பிறகுதான் மனைவிக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "கெடைச்சிருச்சுங்களா? கடையாததுதானுங்களே?" என்றாள். எத்தனை வருடம் என் புலம்பலைக் கேட்டிருப்பாள்! "அலமாரி இன்னொரு வருசம் தாங்கும். குழந்தை கைக்கு எட்டாம முதல்ல ஒரு இரும்புப் பெட்டி வாங்குங்க" என்றாள். மெக்கலெஸ்டரில் நின்று அந்தப் பெட்டியைத்தான் முதலில் வாங்கினேன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த 1917 மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு மெசபட்டோமியாப் போர்முனையில் சென்னை மாகாணத்திலிருந்து போன மெட்ராஸ் சேப்பர்ஸ் இருந்தார்கள். பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள். வெப்ளி பெரும்பாலும் அவர்களை நடத்திய துரைமார்களின் இடுப்பில்தான் தொங்கியது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சொந்த ஊரில் இந்தியன் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருக்க முடியாது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. போரிடும் படைப் பிரிவுகளில் இந்தியர்களுக்கு முதன்முதலாக அரசரின் அதிகாரி நியமனம் கிடைத்ததும் அதே 1917இல்தான், அதுவும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கு. இன்று கான்பூர் ஆலையில் செய்யும் .32 ரிவால்வர் வெப்ளியின் வார்ப்புதான். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் எட்ட நின்று மட்டுமே பார்த்திருக்கக்கூடிய ஒரு பொருள் இப்போது என் காரில் வருகிறது. அதில் பெருமையும் இருந்தது, ஒரு கனமும் இருந்தது. இதன் குழலுக்கு எதிரே யாரெல்லாம் நின்றார்களோ. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஞாயிறு இரவு, கோவையில் திங்கள் காலை. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பின்பக்கத்த கிட்டத்துல காட்டு சாமி" என்றார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். கண்புரை அறுவைக்குப் பிறகு அவருக்குச் சின்னத் திரையில் எவ்வளவு தெரியுமோ, எனக்குத் தெரியாது.

"எவனும் கை வெக்கலையா?"

"இல்லீங்கப்பா."

"செரி, மூடு. சத்தம் கேக்கட்டும்."

போனை மேசைமேல் சாய்த்து வைத்து, குழலைச் சாய்த்து, மூடினேன். பீளமேட்டு வீட்டில் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன்.

"இன்னொருக்கா" என்றார்.