ஏரிக்கரையில் இரு இசைவாணர்

வியன்னாவிலிருந்து மேற்கே சல்ஸ்பேர்க் நோக்கிச் செல்லும் புகையிரதத்தை நடுவழியில் விட்டிறங்கி, பஸ் வண்டியில் மலைப்பாதை வழியே சென்ற நாம், ஒரு வளைவு திரும்பியதும் எம்மையறியாமலே பேச்சை நிறுத்திவிட்டோம். எதிரே அட்டர்ஸே ஏரி விரிந்து கிடந்தது. ஒஸ்திரிய நாட்டின் எல்லைக்குள் முழுமையாக அடங்கிய ஏரிகளுள் இதுவே பெரியது. ஏறக்குறைய 46 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நீலமென்றோ பச்சையென்றோ துணிந்து சொல்லமுடியாத நிறம். கிழக்குப் புறத்திலே ஹொல்லன்கெபிர்க் என்னும் மலை சுவரெழுப்பினாற்போல நிற்கின்றது. அதன் காலடியில் உள்ளது ஸ்டைன்பாக் என்ற சிற்றூர்.

சங்கீதப் பிரியர்கள் இவ்வூரை நாடி வருவது ஒரு குடிலைக் காண்பதற்காக. குஸ்தாவ் மாலர் 1893 முதல் 1896 வரை நான்கு கோடைகளை இங்கே கழித்தார். 1894இல் அவருக்கென நீர்க்கரையோரமாக ஒற்றை அறைக் குடிலொன்று கட்டப்பட்டது. அதற்குள் அமர்ந்து, வெளியோசை எதுவும் அணுகாதவாறு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் தமது மூன்றாவது சிம்பொனியை அவர் எழுதினார். தம்மைக் காண வந்த இளைஞர் புரூனோ வால்ட்டர் மலையை அண்ணாந்து பார்த்து வியந்தபோது, “அதைப் பார்க்கவேண்டாம், முழுவதையும் என் இசைக்குள் போட்டுவிட்டேன்” என்னும் கருத்துப்பட மாலர் சொன்னாராம். இன்று குடிலைச் சுற்றிக் கோடைப் பயணிகளின் கூடாரங்கள். மாலர் கண்டிருந்தால் கோபித்திருப்பார்!

ஆனால் நாம் வந்தது மாலருக்காக அன்று. இதே ஊர் மயானத்தில் துயிலும் மற்றொருவருக்காக. அவர் பெயர் பிரீட்ரிக் குல்டா.

1930ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்த குல்டா, தமது பதினாறாம் வயதிலே, 1946இல், ஜெனீவாவில் நடைபெற்ற பெரும் இசைப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களும் அவர் விரல்நுனியில் இருந்தன. 1967இல் வெளிவந்த அவற்றின் ஒலிப்பதிவை இன்றும் இரசிகர்கள் தேடிக் கேட்கின்றனர். பிற்காலத்தில் உலகப்புகழ் எய்திய மார்த்தா ஆர்கெரிச் அவரிடம் பயின்ற மாணவி. இத்தகைய ஒருவர், பட்டும் படாடோபமும் நிறைந்த சபைகளை விட்டு, 1956இல் நியூயோர்க் நகரின் பேர்ட்லண்ட் என்னும் ஜாஸ் விடுதியில் வாசிக்கப் புகுந்தபோது, ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் இன்னும் ஒருபடி அப்பாற் சென்றார். பவுல், லிம்பே பூக்ஸ் என்னும் தம்பதியருடன் ‘அனிமா’ என்ற குழுவிற் சேர்ந்து, எழுதப்படாத, முன்கூட்டி எண்ணப்படாத இசையை வாசிக்கலானார்.

ஆலாபனையும் நிரவலும் கேட்டு வளர்ந்த எமக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றும். கோயில் வீதியிலே நாதஸ்வர வித்துவான் நேற்று வாசித்ததையே இன்றும் எழுத்துப் பிசகாமல் வாசித்தால், கேட்டிருப்பவர்கள் எழுந்து போய்விடமாட்டார்களா? ஆயினும் எங்கள் வித்துவானுக்கு இராகமென்னும் வேலியும் தாளமென்னும் வரம்பும் உண்டு. குல்டா தேடிய சுதந்திரத்தில் அவையும் இல்லை. எந்தச் சுருதியில் தொடங்குவது, எவ்வளவு நேரம் வாசிப்பது, எங்கே முடிப்பது என்பன யாவும் வாசிக்கும்போதே தீர்மானிக்கப்பட வேண்டியவை. அருகிலிருப்பவர் எழுப்பும் ஒலியைச் செவிமடுப்பதொன்றே அங்கு வழிகாட்டி. வாழ்நாள் முழுவதும் பாக்கையும் மொஸார்ட்டையும் பழகிய விரல்கள், பழகிய தடத்துக்கே ஓடப்பார்க்கும். அவற்றைத் தடுத்தாளுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இவையெல்லாம் மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் அந்நியமாயிருக்கவில்லை. மொஸார்ட் 1785இல் ஆக்கிய டி மைனர் பியானோ கொன்சேட்டோவில், இசைக்குழு ஓய்ந்து நிற்க, வாசிப்பவர் தம் கற்பனையை விரிக்கவேண்டிய இடம் உண்டு. மொஸார்ட் அதற்கு எழுதியது எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை. 1808 டிசம்பர் 22ஆந் தேதி, வியன்னாவின் ‘தியேட்டர் அன் டெர் வீன்’ அரங்கில், ஐந்தாம் ஆறாம் சிம்பொனிகள் முதன்முதலாக ஒலித்த அதே கச்சேரியில், பீத்தோவன் தனியே அமர்ந்து மனோதர்மமாகவும் வாசித்தார். ஆனால் அவரே தம் ஐந்தாவது கொன்சேட்டோவில், ‘இங்கே தனிக்கற்பனை வேண்டாம், அடுத்ததைத் தொடர்க’ என்னும் பொருள்பட எழுதியும் வைத்தார். கதவு அவ்வாறே மெல்லச் சாத்தப்பட்டது. அடுத்த தலைமுறைகளில் அச்சிட்ட தாளே வேதமாயிற்று. வியன்னா இசைக் கல்விக் கழகம் 1969இல் அளித்த பீத்தோவன் கணையாழியைக் குல்டா திருப்பிக் கொடுத்தார். அந்நாளைய இசைக் கல்வியின்மீது அவருக்கிருந்த வெறுப்பு அத்தகையது.

உள்ளதைச் சொன்னால், அனிமாக் குழுவின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது எமக்குச் சில இடங்களில் பொறுமை இழந்தது. நீண்ட நேரம் எதுவும் நிகழாதது போலிருக்கும். தட்டும் ஓசையும் கீச்சிடும் ஓசையுமே மிகும். பிறகு திடீரென ஒரு கணம், இருவர் ஒரே மூச்சை விட்டாற்போல ஒலிகள் இணையும். அந்தக் கணத்துக்காகவே அவர் காத்திருந்தார் போலும். 1982இல் மியூனிக் நகரில் சிக் கொரியாவுடன் இரு பியானோக்களில் அவர் உரையாடியதோ வேறு வகை. அங்கே எம் செவி ஒரு நொடியும் சோரவில்லை.

மனிதர் குறும்புக்காரருங்கூட. 1999இல் தாம் இறந்துவிட்டதாகத் தாமே செய்தி அனுப்பி உலகை ஏமாற்றினார். பின்னர் உயிர்த்தெழுந்தவராகக் கச்சேரியும் செய்தார். மொஸார்ட் பிறந்த தினத்திலே இறக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். 2000 ஜனவரி 27இல், இந்த ஏரிக்கரையிலேயே, அது நிறைவேறிற்று. இம்முறை செய்தி மெய்யாகவே இருந்தது.

மயானத்தில் எம்மைத் தவிர வேறெவரும் இல்லை. கூட வந்த நண்பர், “மாலர் எழுதியதெல்லாம் இருக்கிறது. இவர் ஒலிப்பதிவு இல்லாமல் வாசித்த இரவுகள் எங்கே போயின?” என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஏரிப்பக்கமாக இறங்கி, பூட்டிக் கிடந்த குடிலைத் தாண்டி, நீர் கல்லில் மோதும் இடத்தில் போய் அமர்ந்தோம்.