உரும்பிராய்க் கிணறும் ஒரு முக்காடும்



யாழ் நகரிலிருந்து பலாலி வீதியில் வடக்கே சென்றால் உரும்பிராய். செம்மண் தோட்டங்கள் நிறைந்த ஊர். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் கிணறுதான் உயிர். அந்நாளில் தெருவோரம் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும், உடல் உராய ஆவுரோஞ்சிக் கல்லும் அமைத்தவர்கள் இம்மண்ணின் மக்கள்.

அதே வழியில், ஆதரவற்ற நாய்களுக்குச் சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் சரணாலயம் அமைத்தது. யானைகளுக்குப் பணிவிடை செய்யவென்றே வெளிநாட்டு இளம்பெண்கள் கைக்காசு செலவழித்துப் பின்னவலைப் பக்கம் வருகிறார்கள்.

"நாய் நஜீஸ் ஆயிற்றே! நமக்கென்ன?" என்பீர்கள். அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்கலந்து, கழுவ வேண்டும் என்பது உண்மையே. அது சுத்தத்தின் சட்டம், இரக்கத்துக்குத் தடையல்ல. தாகத்தால் தவித்த நாய்க்காகத் தன் காலுறையை முக்காட்டில் கட்டிக் கிணற்றில் நீர் இறைத்துக் கொடுத்தாள் ஒரு பாவியான பெண். அவளை அல்லாஹ் மன்னித்தான் என்கிறது புகாரி ஹதீஸ். பூனையை அடைத்துப் பட்டினி போட்டவளோ நரகம் புகுந்தாள்!

1990 அக்டோபரில் வீடு வாசல் இழந்து வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட சமுதாயம் நாம். புகலிடமின்மையின் வேதனை நமக்குத் தெரியாதா? கடல் கடக்க வேண்டாம். வாசலில் ஒரு சிரட்டைத் தண்ணீர் வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிரப்புவானாக! ஆமீன்.