உறைந்த குழாய்

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் வாழும் எம் தமையனாரின் குடும்பத்தாருடனும் அன்னையாருடனும் அரிசோனா மாகாணத்திற் பிரயாணஞ் செய்தோம். ஏறிச் சென்றது வண்டியும் வீடும் ஒன்றாயமைந்த ஊர்தி. அடுக்களை, படுக்கை, குளியலறை யாவும் அதனுள்ளேயே உள. 'ஆர்.வி.' என்பர் அந்நாட்டார்.

அரிசோனா என்றதும் பாலைநிலமே எம் நினைவில் நின்றது. பிளாக்ஸ்டாப் நகரம் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், நம் உதகமண்டலத்திற்குச் சற்றே தாழ்ந்து நிற்பது என்பதைப் பூகோளத்திற் பரிசு பெற்ற யாம் எண்ணிப் பார்த்திலோம்.

மாலையில் அடுத்த வண்டியிலிருந்த முதியவர், வெளிக்குழாயினின்று நீர் கொணரும் ரப்பர் குழாயே முதலில் உறையும் என்று கூறி, வண்டியின் தொட்டியை நிரப்பிக்கொண்டு அதனைக் கழற்றிவிடச் சொன்னார். அவ்வாறே செய்தோம். ஆனால் வண்டியின் புரொப்பேன் கணப்பு இரைந்து அன்னையாரின் உறக்கத்தைக் கெடுத்தது. அதனை நிறுத்திவிட்டு, மின்சாரக் கணப்பொன்றைக் கட்டிலருகே வைத்து இனிதே உறங்கினோம்.

விடிந்ததும் குழாயில் ஒரு துளி நீரும் வரவில்லை. அன்னையாருக்கோ ஓயாத இருமல், வெந்நீரின்றி வருந்தினார். வெயில் ஏறியபின் நீர் வந்தது, குழாய் வழியாகவன்று, அலமாரியின் அடியிலிருந்து!

முதியவர் வந்து பார்த்து நகைத்தார். எம் வண்டியின் புரொப்பேன் கணப்பு அறையை மட்டுமன்றித் தரையின்கீழுள்ள தொட்டியையும் குழாய்களையுங் காய்ச்சுவது. மின்சாரக் கணப்போ எம்மை மட்டுமே காய்ச்சியது. நீர் பனிக்கட்டியாகுங்கால் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பெருகும் என்று பௌதிக வகுப்பிற் படித்திருக்கிறோம். அப்பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய நீரின் அழுத்தமே பெரும்பாலும் குழாயைப் பிளப்பது என்பதை அன்றே அறிந்தோம். குழாயைச் சிறிது திறந்து நீரைச் சொட்டவிட்டால் அவ்வழுத்தம் தணியும்.

பிளந்த இணைப்பை மாற்றுவதில் அன்று பகல் முழுதுங் கழிந்தது. தமையனார் எம்முடன் அதிகம் பேசவில்லை. மின்சாரக் கணப்பு எம் யோசனையே.

அன்றிரவு புரொப்பேன் கணப்பு எரிந்தது. அறையின் வெப்பம் உட்புகுமாறு அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தோம். சொட்டும் நீருக்கு ஒரு பாத்திரம் வைத்தோம். இரைச்சலால் அன்னையார் இருமுறை விழித்தெழுந்து எம்மைக் கடிந்துகொண்டார். காலையில் அவருக்குச் சீரக வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தோம்.