குருத்தும் இதயமும்

செம்பனையின் உச்சியிலுள்ள குருத்தை அறியாதார் ஜொகூர்த் தோட்டங்களில் இலர். மட்டைகள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. குருத்து அழியின் மரமும் அழியும். உடலின் பல்வகை உயிரணுக்களாகவும் மாறவல்ல அணுவைக் 'குருத்தணு' எனத் தமிழ் வழங்குவது எத்துணைப் பொருத்தமானது! வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் நான் மகிழ்ந்ததுண்டு. எனினும், அதன் பயனை எனக்கு உணர்த்தியது என் தமக்கையாரின் கேள்வி ஒன்றே.

குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. டாக்சோருபிசின் என்னும் செந்நிற மருந்தை ஏற்றினர். நோய் தணிந்தது, ஆனால் இதயம் தளர்ந்தது. இம்மருந்து சிலருடைய இதயத்தைத் தாக்கும் என்பது மருத்துவ உலகம் அறிந்ததே. அதனாலன்றோ வாழ்நாளில் ஏற்றத்தக்க அளவுக்கு எல்லை வகுத்து, இதயத்தையும் அவ்வப்போது சோதிக்கின்றனர்! எல்லாம் முறைப்படி நடந்தும், நான்கு படி ஏறினால் மூச்சிரைக்கும் நிலைக்கு அவர் ஆளானார்.

"தம்பி, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் இதே சிவப்பு மருந்துதான். அவங்க நல்லா நடமாடுறாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் பத்தியம் சரியா இருக்கலையோ?" என்றார்.

ஆசிரியனாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

நமக்கு அண்மையில், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், இலங்கையில் பிறந்த அறிஞர் அரிஃப் பொங்சோ 1994ஆம் ஆண்டில் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தார். 2006இல் சப்பானிய அறிஞர் சின்யா யமனாக்கா, வளர்ந்த எலியின் தோலணுக்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றை மீண்டும் குருத்துநிலைக்குத் திருப்பினார்; மறு ஆண்டே மனித அணுக்களிலும் அது கைகூடியது. 2012இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இவ்வாறு பெற்ற குருத்தணுக்களை இதய அணுக்களாக வளர்த்தால், அவை கண்ணாடித் தட்டிலேயே தாமாகத் துடிக்கின்றன!

அத்துடிப்பைக் காண்பது எவ்வாறு? ஒவ்வொரு துடிப்பின்போதும் இதய அணுவினுள் கால்சியம் பெருகித் தணிகிறது. கால்சியத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சாயங்களை ரோஜர் சியன் முதலியோர் உருவாக்கினர். சாயமூட்டிய அணுக்களை நுண்ணோக்கியின் வழியே படம்பிடித்தால், துடிப்புக்குத் துடிப்பு மின்மினிபோல் ஒளி தோன்றி மறையும். மருந்தைச் சேர்த்தபின் அவ்வொளியின் சீர் குலைகிறதா, வலிமை குன்றுகிறதா என்று கணக்கிடலாம். தசை இழைகளுக்குத் தனியே சாயமிட்டால், நலமான அணுவில் அவை நிரைநிரையாக நட்ட பால்மரங்கள்போல் காட்சி தரும். நஞ்சு தாக்கிய அணுவிலோ அந்நிரை சிதைந்து கிடக்கும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வூ குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வே என் தமக்கையாரின் கேள்விக்கு நேரான விடையாக அமைந்தது. டாக்சோருபிசினால் இதயம் தளர்ந்த மார்பகப் புற்றுநோயாளிகள், அதே மருந்தை ஏற்றும் தளராதவர்கள் ஆகிய இரு சாராரின் அணுக்களிலிருந்தும் இதய அணுக்களை வளர்த்து, அவற்றின்மீது அம்மருந்தை இட்டுப் பார்த்தனர். இதயம் தளர்ந்தோரின் அணுக்களே தட்டிலும் மிகுதியாக மடிந்தன. அவற்றின் கால்சிய ஒழுங்கும் குலைந்தது. வேறுபாடு அணுவிலேயே இருந்தது.

இவ்வாய்வைக் கொண்டே ஒவ்வொரு நோயாளிக்கும் முன்கூட்டி மருந்து வகுத்துவிடலாம் எனக் கருதுதல் கூடாது. தட்டில் வளரும் அணுக்கள் முதிர்ந்த இதயத்தின் அணுக்களைப்போல் அல்லாமல், பிறவாக் குழந்தையின் இதய அணுக்களையே பெரிதும் ஒத்தவை. காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். ஆயினும், வழி புலப்பட்டுவிட்டது.

ஒரு மாலை தமக்கையாரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, குருத்திலிருந்து தொடங்கி இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"அப்போ, நான் செஞ்ச தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை, அக்கா."

கண்களைத் துடைத்துக்கொண்டு தேநீர் கலக்க எழுந்தார். நான் தடுத்தும் கேட்டாரில்லை.

அறிவியலைத் தமிழில் ஏன் சொல்ல வேண்டும் என வினவும் மாணவர்க்கு இனி நான் இம்மாலைப் பொழுதையே விடையாகக் கூறுவேன்.