ஊர்களை இணைக்கும் ஓட்டப்பாதை



'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை 2023 நவம்பரில் அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் உத்தரகோசமங்கைப் பிள்ளைகள் விடிகாலையில் ஓடுவதற்கு ராமநாதபுரம் வரை போக முடியுமா?

போகத் தேவையும் இல்லை. கோயிலில் கிளம்பி, பக்கத்து ஊர்களைத் தொட்டுத் திரும்பி வர நமக்குக் கிராமச் சாலைகளே இருக்கின்றன. மார்கழித் திருவாதிரைக் கூட்டம் தவிர்த்தால் வண்டி குறைவு. அரசு கொடுத்த சைக்கிளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் போகும் வழி அது. போலீஸ் தேர்வுக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். அவர்களுக்கு அந்தச் சாலைதான் மைதானம்.

இடைஞ்சல் சீமைக்கருவேலம்தான். இருபுறமும் அடர்ந்து வளைவை மறைக்கிறது. எதிரே வரும் டிராக்டர் கிட்டத்தில் வந்த பிறகே தெரிகிறது. முள் டயரையும் விடாது, வெறுங்காலையும் விடாது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வளைவுகளிலாவது தூரோடு பிடுங்க வேண்டும்.

பாதை ஒரு ஊராட்சியோடு முடிவதில்லை. ஆகவே அடுத்த கிராமசபையில் ஒவ்வோர் ஊரிலும் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். பெற்றோர்கள் அவசியம் வாருங்கள்.