எந்த நீலம்?

போளூர் பக்கம் பட்டுத்தறி வைத்திருக்கும் ஒருவரிடம் போய் "எனக்கு நீலக் கலரில் ஒரு புடவை வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொள்ள மாட்டார். "எந்த நீலம்?" என்று திருப்பிக் கேட்பார். ஆனந்தா நீலமா, ராமர் நீலமா, காப்பர் சல்பேட்டா, மயில்கழுத்தா, நேவி ப்ளூவா? நமக்கு ஒரே வார்த்தை. அவருக்கு அது ஒரு பெரிய குடும்பம்!

அந்தக் குடும்பத்தில் ரொம்பவும் புகழ் பெற்ற ஒரு நீலம் உண்டு. எம்.எஸ். நீலம். இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் உருவாக்கித் தந்த நிறம் அது. நடுக்கடல் நீலம் என்று சொல்பவர்களும் உண்டு. எம்.எஸ். அம்மா 2004 டிசம்பரில் மறைந்தார். நிறம் மறையவில்லை. இன்றைக்கும் பட்டுக் கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். கடைக்காரர்களும் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் நான்கு கடையில் நான்கு புடவையை வாங்கி வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான்கும் நான்கு நீலமாக இருக்கும். ஒன்று கொஞ்சம் பச்சை அடிக்கும், இன்னொன்று கொஞ்சம் ஊதா அடிக்கும். பெயர் மட்டும் ஒன்று.

போளூரில் ரிட்டயர் ஆன ஒரு டீச்சருக்கு வந்த பிரச்சனையும் இதுதான். அவருடைய அம்மாவிடம் ஒரு புடவை இருந்தது. அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் எடுத்தது. "எம்.எஸ். கட்டுகிற கலர்" என்று கேட்டு வாங்கியதாக வீட்டில் பேச்சு. அம்மா இல்லை. புடவை இருக்கிறது, ஆனால் கட்ட முடியாது. பழைய பட்டுப்புடவை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஜரிகை இருக்கிற இடத்தில் ஒரே மடிப்பாகப் பல வருடம் மடித்து வைத்தால் அந்த மடிப்பிலேயே இற்றுப் போகும். டீச்சரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "பாட்டி புடவை மாதிரியே ஒண்ணு வேணும்" என்றாள் மகள். வேறு எதுவும் கேட்கவில்லை.

டீச்சர் தன்னிடம் படித்த ஒரு பையனைத் தேடிப் போனார். பையன் என்றால், அவருக்கு இப்போது நாற்பது வயது. சொந்தமாக இரண்டு தறி ஓடுகிறது.

"ஏம்பா, இதே மாதிரி வருமா?"

"டிசைன் வந்துரும் டீச்சர். கரை, முந்தி எல்லாம் அப்படியே போட்டுரலாம். கலர்தான் பாக்கணும்."

'பார்க்கணும்' என்று அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. தறியில் ஒரு புடவைக்கு மட்டும் பாவு ஏற்றுவது கட்டுப்படியாகாது. இரண்டு மூன்று புடவைக்குச் சேர்த்துத்தான் ஏற்றுவார்கள். நீலம் தப்பிப் போனால் டீச்சர் ஒரு புடவையை வேண்டாம் என்பார். ஆனால் தறிக்காரர் தலையில் மூன்று புடவை விழும். சாயம் ஏறிய பட்டை நூல்கடையில் திருப்பித் தர முடியாது. கல்யாணத்துக்கு இருந்ததோ மூன்று மாதம்.

சரி, இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம். இதே தலைவலி உள்ள இன்னொரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. பழைய கார்களைப் போலவே புதுக் கார் செய்பவர்கள்! 1960களில் அமெரிக்காவின் கேரல் ஷெல்பி நடத்திய கோப்ரா பந்தயக் கார்கள் மிகவும் பெயர் பெற்றவை. அவற்றில் டேடோனா கூபே என்ற வகையில் மொத்தமே ஆறு கார்கள்தான் செய்யப்பட்டன. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கார்களைப் பார்த்து இன்றைக்கும் பலர் நகல் செய்கிறார்கள். எஞ்சினை வாங்கிவிடலாம், பாடியைச் செய்துவிடலாம். கடைசியில் வந்து நிற்பது 'கார்ட்ஸ்மேன் நீலம்' என்ற அந்த மெட்டாலிக் பெயிண்டில். அந்தக் காலத்துப் பெயிண்ட் வகையே வேறு, இன்று கடையில் கிடைக்கும் பெயிண்ட் வகை வேறு. பழைய போட்டோவை நம்பலாமா என்றால், போட்டோவும் வெளுத்துப் போயிருக்கும்.

மெட்டாலிக் பெயிண்ட் என்றால் என்ன? பெயிண்டுக்குள் மிக மெல்லிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். நேராகப் பார்த்தால் வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பி அடித்துப் பளீரென்று தெரியும். சாய்த்துப் பார்த்தால் இருண்டு போகும். ஸ்ப்ரே அடிப்பவரின் கையைப் பொறுத்தும் மாறும். ஈரமாக, கனமாக அடித்தால் நிறம் கொஞ்சம் கருக்கும். தள்ளி நின்று உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே பெயிண்ட், இரண்டு நிறம்! அதனால் நம் ஊர் ஒர்க்ஷாப்பிலேயே அனுபவசாலிகள் முதலில் ஒரு அட்டையிலோ தகரத்திலோ அடித்துக் காயவைத்து, காரின் மேல் வைத்து, நேராகவும் சாய்த்தும் பார்த்த பிறகுதான் கதவில் கை வைப்பார்கள்.

இப்போது ஆரணிக்கு வருவோம்.

தறிக்காரர் பழைய புடவையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆரணி பஸ் ஏறினார். அங்கே அவருக்குப் பழக்கமான சாயக்காரர் இருக்கிறார். முறைக்கு மாமா. பட்டுக்குச் சாயம் போடுவது சோறு வடிப்பது மாதிரி தினசரி வேலைதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் நிறம் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் சோப்பும் சோடாவும் போட்டு நூலை அவித்து அதன் மேலிருக்கும் பசையை எடுக்க வேண்டும். எடையில் ஏறக்குறைய கால்வாசி அதிலேயே போய்விடும். பசை சரியாகப் போகாத இடத்தில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். பிறகு கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே சூடான தண்ணீரில், அமிலம் சேர்த்து, சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கழியில் தொங்கும் நூலைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் உப்பாக இருந்தாலும் நிறம் மாறும். ஈரத்தில் இருக்கும் நூல் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும். அதனால் சாயக்காரர் நாலு இழையைப் பிழிந்து காயவைத்துத்தான் சாம்பிளோடு ஒட்டிப் பார்ப்பார்.

மாமா அன்று சாயங்காலம் போட்டார். இரவு ஏழு மணிக்கு டியூப்லைட்டின் கீழே இரண்டு பேரும் புடவையையும் நூலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அச்சு அசல்! தறிக்காரர் நிம்மதியாகப் போளூர் திரும்பினார். மறுநாள் காலை டீச்சர் வீட்டுத் திண்ணையில் பிரித்தால், நூல் ஊதா அடிக்கிறது. புடவை அப்படியே நீலமாக இருக்கிறது.

யாரும் ஏமாற்றவில்லை. நிறத்தின் குணமே அதுதான். இரண்டு பொருள்கள் ஒரு விளக்கின் கீழே ஒரே நிறமாகத் தெரியலாம், வேறு விளக்கின் கீழே பிரிந்து போகலாம். வெவ்வேறு சாயங்களைக் கலந்து ஒரே நீலத்துக்கு வந்தால் இப்படி நடக்கும். டியூப்லைட்டில் இருக்கும் ஒளியும் சூரியனில் இருக்கும் ஒளியும் ஒன்றல்ல. ஒன்றில் மறைகிற வித்தியாசம் மற்றதில் வெளியே வந்துவிடும். பெரிய மில்களிலும் பெயிண்ட் கம்பெனிகளிலும் இதற்காகவே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே பகல் வெளிச்சத்துக்கு இணையான விளக்கு, கடை விளக்கு, வீட்டு மஞ்சள் விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மாமாவிடம் பெட்டி இல்லை. ஆனால் சூரியன் இருக்கிறதே! "ராத்திரியில பாத்தது என் தப்பு மாப்ளே" என்று ஒப்புக்கொண்டார். அந்த நூல் வீணாகவில்லை. மேலே இன்னும் அடர்த்தியாகச் சாயம் ஏற்றி நேவி ப்ளூ ஆக்கி வேறு ஆர்டருக்குத் தள்ளிவிட்டார். வெளிர் நிறம் இருண்ட நிறமாகலாம், இருண்டது திரும்பி வராது. சாயத் தொழிலில் இது முதல் பாடம்.

இரண்டாவது முறை பகலில், நிழலில் வைத்துப் பார்த்துப் போட்டார்கள். வெயிலிலும் சரி, விளக்கிலும் சரி, பொருந்தியது. ஆனால் ஏதோ குறை. தறிக்காரர் புடவையைக் கையில் எடுத்துச் சாய்த்தார். புடவையின் நிறம் மெல்ல நகர்ந்தது. நூலைச் சாய்த்தார். அது அப்படியே இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இற்றுப்போன மடிப்பிலிருந்து குறுக்கே ஒரு இழை, நெடுக்கே ஒரு இழை உருவினார். பாவு நல்ல நீலம். ஊடை கொஞ்சம் பச்சை கலந்த நீலம்! முழு மயில்கழுத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு கைச்சிட்டிகை. இரண்டு நிறமும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போவதால்தான் அந்த மினுமினுப்பு. காரில் அலுமினியச் செதில் செய்கிற வேலையை இங்கே பாவும் ஊடையும் செய்கின்றன. ஒரு நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் உண்மையில் இரண்டு நீலத்தைத் தேடியிருக்க வேண்டும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் இல்லை. பழைய கார் வேலை செய்பவர்கள் உண்மையான நிறத்தைத் தேடிக் காரின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. கதவு ரப்பரின் அடியில், டிக்கியின் உள்ளே, வெயில் படாத இடத்தில் பார்ப்பார்கள். தறிக்காரருக்கும் அந்த யோசனை வந்தது. புடவையின் அடியில் ஃபால்ஸ் தைத்திருந்தது. டீச்சரிடம் கேட்டு அதை ஒரு சாண் பிரித்தார். உள்ளே இருந்தது வேறு நீலம்! வெளியே இருப்பதைவிட ஆழமாக, புதுசாக.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இதுதான் அம்மா வாங்கினப்போ இருந்த கலரா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். இத்தனை வருடமாக அம்மாவின் நீலம் என்று அவர் மனதில் இருந்தது மங்கிப் போன நீலம். நிறம் ஒரே நாளில் மங்குவதில்லை. தினமும் பார்க்கும் கண்ணும் அதோடு சேர்ந்தே பழகிவிடுகிறது.

"எனக்கு வெளியில இருக்கறதுதான் வேணும். பாட்டி கட்டி நான் பாத்தது அதைத்தான்" என்றாள் மகள்.

"அம்மா ஆசைப்பட்டு வாங்கினது உள்ள இருக்கறது" என்றார் டீச்சர்.

இரண்டு பேரும் தறிக்காரரைப் பார்த்தார்கள். மீதி இரண்டு புடவையை விற்க வேண்டிய ஆள் அவர். பளிச்சென்ற நீலம்தான் கடையில் போகும் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. யோசித்து வேறு ஒன்று சொன்னார்.

"மங்கின கலர்ல ஆரம்பிச்சா அது அங்கேயே நிக்காது பாப்பா. இன்னும் மங்கும். பத்து வருஷத்துல பாட்டி புடவை மாதிரி இருக்காது. உள்ள இருக்கற கலர்ல போட்டா, நீ கட்டக் கட்ட ஒரு நாள் பாட்டி புடவை கலருக்கு வரும்."

மகள் புடவையின் இரண்டு நீலத்தையும் மறுபடி பார்த்தாள். சரி என்றாள்.

மூன்றாவது முறை மாமா இரண்டு சட்டியில் இரண்டு நீலம் போட்டார். பாவு ஏறியது. கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் தறியிலிருந்து முதல் புடவை இறங்கியது. திண்ணையில் வைத்து, ஃபால்ஸ் பிரித்த இடத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு நூறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எந்தக் கையில், எந்தத் தண்ணீரில், எந்தச் சாயத்தில் அது நனைந்ததோ! ஆனால் சாய்த்துப் பார்த்தபோது பழையதும் புதியதும் ஒன்றாக நகர்ந்தன. டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

மற்ற இரண்டு புடவையும் ஆரணிக் கடைக்குப் போயின. கடைக்காரர் ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா கலர்யா இது? எம்.எஸ். ப்ளூவா?"

தறிக்காரர் சிரித்தார். "எங்க டீச்சர் வீட்டு ப்ளூ" என்றார். கடைக்காரர் துண்டுச் சீட்டில் 'டீச்சர் ப்ளூ' என்றே எழுதி உள்ளே வைத்தார். இரண்டும் அந்த ஆடிக்குள் விற்றுப் போயின. நிறங்களுக்கு இப்படித்தான் பெயர் வருகிறது போலும்!