கேட்பாரற்ற குழாய்

ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக இணைக்கும் எண்ணத்தை, தோட்டத்து நீர்க்குழாய்களைப் பொருத்துவதோடு ஒப்பிட்டு 1964இல் எழுதினார் டக்ளஸ் மெக்கில்ராய். 1973இல் கென் தாம்சன் அதை யுனிக்ஸில் செய்து காட்டினார். அக்குழாய்க்குக் கொள்ளளவு உண்டு என்பதுதான் எளிதில் மறந்துபோகிறது. லினக்ஸில் அது வழக்கமாக 65,536 பைட். நிரம்பிவிட்டால், மறுமுனையில் எவரேனும் படித்து இடம் தரும்வரை எழுதும் நிரல் உறங்கிவிடும்.

சந்தவாசல் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்த நாட்களில் இவ்வுறக்கத்தை நேரில் கண்டேன். எங்கள் கிட் களஞ்சியத்தில் எதையும் ஏற்குமுன் ஒரு கொக்கி நிரல் இயங்கும். வந்த பெயர்களையெல்லாம் அது ஒரு சோதனை நிரலுக்குக் குழாயில் எழுதி முடிக்கும். அதன் பிறகே மறுகுழாயில் பதில்களைப் படிக்கும். ஆண்டுக்கணக்கில் பழுதில்லை. பழைய களஞ்சியமொன்றை அதன் இரண்டாயிரம் குறிச்சொற்களோடு ஏற்றிய இரவில் எல்லாம் நின்றுபோயிற்று. விடிவதற்குள் பழைய வழங்கியை மூடியாக வேண்டும். பிழைச்செய்தி ஏதுமில்லை.

பட்டுத்தறி நின்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். இழை அறுந்ததோ என்று எட்டிப் பார்ப்பார்கள். நிரல் நின்றாலோ, உழைப்பதற்கும் உறங்குவதற்கும் ஓசையில் வேறுபாடில்லை.

இத்தகைய முடக்கத்தில் ஒவ்வொன்றும் மற்றதன் சொல்லுக்காகக் காத்திருக்கும் என்றே பொதுவாக நினைப்போம். ஸ்ட்ரேஸ் கருவி காட்டியது வேறு: இரண்டுமே எழுதும் அழைப்பில் நின்றிருந்தன. வரிக்கு ஏறத்தாழ நூறு பைட். இரண்டாயிரம் வரிக்கு இரண்டு லட்சம். பதில்களை எவரும் படிக்காததால் பதில்குழாய் நிரம்பி, சோதனை நிரல் நின்றது. அது நின்றதால் கேள்விக்குழாயும் நிரம்பி, கொக்கியும் நின்றது. இருவரும் பேசுகிறார்கள்; கேட்பார் இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒழுங்கானவை.

குழாயைப் பெரிதாக்கலாம்; லினக்ஸ் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அது இன்னொரு இரவுக்குத் தள்ளிப்போடுவதே. கேள்விகளை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதையே சோதனை நிரலுக்கு உள்ளீடாகக் கொடுத்தோம். கொக்கிக்கு இனிப் படிக்கும் வேலை மட்டுமே. மாற்றம் நான்கு வரி. அதிகாலைக்குள் இரண்டாயிரமும் ஏறின.

கோர்வைச் சேலை நெய்கையில் நெசவாளரும் கரைக்கு நாடா தள்ளும் துணையாளும் மாறிமாறி இடம் விடுகிறார்கள். விரைந்து கொடுக்கும் கையைவிட, ஏற்பதற்கு ஒழிந்திருக்கும் கையே அங்கே நெசவைத் தொடரச் செய்கிறது.